நாற்பத்தேழாம் பக்கம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. இரண்டு நகல் இயந்திரங்கள், ஒரு பழைய கணினி, மூலையில் பைண்டிங் மேசை. முதலாளி மாலையில் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் கடை என்றால் அக்காதான். நாற்பது வயதைத் தாண்டியவர். மாணவர்களுக்கு அவர் ஜெராக்ஸ் அக்கா. அவரைவிட மூத்த பேராசிரியர்களுக்கும் ஜெராக்ஸ் அக்காதான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு கூட்டம் நின்றாலும் நகல் எடுத்த கட்டை அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டார். தாள்களின் மூலையைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, பக்க எண் வரிசையாக இருக்கிறதா, எழுத்து சாய்ந்திருக்கிறதா, நடுவில் வெள்ளைத்தாள் புகுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கை நீளும்.

"அக்கா, பரீட்சை முடிஞ்சதும் குடுப்பீங்களா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

"பக்கம் மாறிப் போய் நீ ஃபெயில் ஆனா உங்கம்மா என்னைத்தானே திட்டுவாங்க. நீ படிக்காம ஃபெயில் ஆனா அது உன் சொந்தப் பொறுப்பு."

இரண்டு வருடம் இந்தக் கடையில் நின்று இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பக்கம் பார்க்கிற ஒருவர் பக்கத்தைப் படிக்கவும் செய்வார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. பெண்ணியல் துறையில் எனக்கு இடம் கிடைத்த அன்று, "பொம்பளையா இருக்கறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமாடி? நான் படிக்காமலே இத்தனை வருஷம் சமாளிச்சிட்டேனே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டில் கேட்டபோது நான் பேங்க் வேலைக்குப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பாடத்தில் ஒரு பகுதி எல்லை கடந்த பெண்ணியக் கோட்பாடு. அதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து நடத்தினார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் திரையில் அந்த வகுப்பறை தெரியும். எங்களுக்கு மதிய மயக்கம், அவர்கள் கையில் காலைக் காப்பி. பணக்கார நாடுகளின் எழுத்தில் நம் போன்ற ஊர்ப் பெண்கள் எப்போதும் அழுகிறவர்களாக, அடைபட்டவர்களாக, யாராவது வந்து மீட்கக் காத்திருப்பவர்களாகவே வருகிறார்கள் என்று படித்தோம். யார் யாருக்காகப் பேசுவது என்பது பற்றி நான் எழுதிய கட்டுரைக்குத்தான் இரண்டு வகுப்பிலும் சேர்த்து முதல் மதிப்பெண். அந்தக் கட்டுரையை நகல் எடுத்துக் கொடுத்ததும் அக்காதான்.

ஆய்வேட்டுக்கு, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பெண் ஒருவரின் வாழ்க்கையை எழுத வேண்டும். அதையே நம் மொழியில் ஒரு பிரதி, அவர்கள் மொழியில் ஒரு பிரதி. சிறப்பாக எழுதும் ஒருவருக்கு அங்கே மேற்படிப்புக்கு இடம். நான் யாரையும் தேடி அலையவில்லை. அக்கா ஆறு வருடம் கடல் தாண்டி ஒரு வீட்டில் வேலை பார்த்தவர் என்பது கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். கணினிக்கு மேலே சுவரில், அவர் மகள் எட்டாம் வகுப்பில் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரை லேமினேஷன் செய்து ஒட்டியிருந்தது. 'என் அம்மாவை ஆறு வருடம் பூட்டி வைத்தார்கள்' என்று அது தொடங்கும்.

கதை இதுதான். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். நாலு வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அக்கா வெளிநாடு போனார். போன வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கேட்டால் கிடைக்காது. சொந்த அம்மா இறந்தபோதும் வர முடியவில்லை. திரும்பியபோது மகளுக்குப் பத்து வயது. அம்மாவைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். பிறகு அந்தப் பூட்டிய பீரோவின் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் மெல்ல மெல்ல ஒட்டினாள். இந்த வருடம் அவளும் எங்கள் துறையிலேயே முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தாள். "எங்கம்மாவை அடைச்சு வெச்சவங்களை ஒருநாள் நான் கேள்வி கேக்கணும்க்கா" என்று என்னிடமே சொன்னாள்.

பேட்டி கொடுப்பவர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தை எங்கள் வகுப்புக்காக நாற்பது நகல் எடுத்ததும் அக்காதான். நாற்பதையும் மூலை தள்ளிப் பார்த்து, அதிலேயே ஒன்றை உருவிக் கையெழுத்துப் போட்டார். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? சும்மா தாளை வீணாக்காத பாப்பா."

முதல் வரைவைப் படித்த அந்த நாட்டு ஆசிரியை திரையில் இப்படிச் சொன்னார்: நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே நூறு தடவை படித்திருக்கிறேன். எனக்கு முகம் சுண்டிப்போனது. யாரைப்போல் எழுதக்கூடாது என்று இரண்டு வருடம் படித்தேனோ, அவர்களைப் போலவே எழுதியிருந்தேன்.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் போனேன். அக்கா யாரோ ஒருவருடைய தடிமனான புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார். ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, அந்த வீட்டில் ஒருநாள்கூட சந்தோஷமாக இருந்ததில்லையா என்று கேட்டேன். மூடியைத் திறப்பதும், பக்கத்தைத் திருப்புவதும், மூடுவதுமாக இருந்தார். பிறகு ஃபோனைக் கண்ணால் காட்டி, "அது ஓடுதா?" என்றார்.

"ஓடுதுக்கா. நான் திரும்பக் கேட்டுக்கத்தான். வேற யாருக்கும் இல்ல."

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். பதிவில் இருக்கிறது.

இயந்திரத்தை நிறுத்தாமல், அந்தச் சத்தத்துக்கு அடியில் குரலை வைத்துக்கொண்டு சொன்னார். "பாஸ்போர்ட்டை ரெண்டாவது வருஷமே திருப்பிக் குடுத்துட்டாங்க பாப்பா. அந்த வீட்டுப் பெரியம்மா செத்துப் போனாங்க, மத்தவங்க ஊருக்குப் போறதுன்னா போன்னு சொன்னாங்க. நான்தான் போகல. மாடியில ஒரு ரூம் குடுத்திருந்தாங்க. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். உள்ள பூட்டிக்க சாவி என் கையில. வாரத்துக்கு ஒருநாள் லீவு. அன்னிக்கு யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அம்மான்னு இல்ல, அண்ணின்னு இல்ல, ஏய்னு இல்ல. என் வாழ்க்கையில அப்படி ஒரு ரூம் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. இந்த வருஷம் போறேன், அடுத்த வருஷம் போறேன்னு நாலு வருஷம் ஓடிடுச்சு. வந்து பாத்தா புள்ள கதவுக்குப் பின்னாடி நிக்குது. அதுகிட்ட என்னன்னு சொல்ல?"

அடுத்த தாளை வைத்தார். "பீரோன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பதிவை விடுதி அறையில் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். இயந்திரச் சத்தத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் படித்த கோட்பாடெல்லாம் அந்த ஒரு சாவியில் வந்து நின்றது. திரும்பி வராமல் இருக்க முடிவெடுத்த ஒரு பெண். நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து ஐம்பத்திரண்டு வரை அதுதான். வெளிநாட்டு ஆசிரியை ஒரே சொல்லில் பதில் எழுதினார்: இதுதான்.

'எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. காலியாக இருந்த அதில் நானே டிக் அடித்தேன். பிறகு வாசித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்தேனா, காட்டினால் விடமாட்டார் என்று நினைத்தேனா? இரண்டில் எது என்று இன்றைக்கும் என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை.

சமர்ப்பிக்க வேண்டிய நாள் வந்தது. மாலை நாலு மணிக்குள் நம் மொழியில் எழுதியதை மூன்று பிரதிகள் பைண்ட் செய்து கொடுக்க வேண்டும். எல்லாரும் எங்கே போவார்களோ அங்கேயே நானும் போனேன். பென் டிரைவை நீட்டி, "மூணு காப்பி அக்கா, கறுப்பு அட்டை" என்றேன். இப்போது நினைத்தால் எப்படிப் போனேன் என்றே புரியவில்லை. கடை என்றால் கடை, அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கையை அவர் கையிலேயே கொடுத்து அட்டை போடச் சொல்கிறோம் என்று உறைக்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். அட்டை போடவில்லை. மூன்று கட்டுகளும் மேசையில் இருந்தன. ஒன்று நடுவில் பிரிந்து கிடந்தது.

"நாப்பத்தேழாம் பக்கம்" என்றார்.

"அக்கா, உங்க பேர் எங்கயும் வராது. வெறும் 'க'ன்னுதான் போட்டிருக்கேன்."

"பேரு எதுக்கு? ரெண்டாவது கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறவன்னு எழுதியிருக்க. அப்படி எத்தனை பேரு இருக்காங்க, சொல்லு, நானும் போய்ப் பாத்துட்டு வரேன்."

"யாரும் படிக்க மாட்டாங்கக்கா. ஆய்வேட்டை யாரு படிக்கிறா?"

"நான் படிச்சேனே."

கடைக்கு ஒரு பையன் வந்தான். அடையாள அட்டைக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு கோபமே இல்லாமல், ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். "இங்க பாரு. பரீட்சை பாக்குறவங்களுக்குப் போறது ரெண்டு காப்பி. அதுல இருக்கட்டும். உங்க டிபார்ட்மெண்ட் லைப்ரரிக்குப் போறதுல மட்டும் இந்த மூணு தாளை எடுத்துடறேன். பைண்ட் பண்ணிட்டா தெரியாது. என் பொண்ணு அங்கதான் உக்காந்து படிக்கிறா."

மூன்று தாள். முன்னும் பின்னுமாக ஆறு பக்கம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"பக்க நம்பர் தப்பிடும்க்கா. மூணும் ஒண்ணா இருக்கான்னு சரிபாத்துத்தான் கையெழுத்து போடுவாங்க. கண்டுபிடிச்சா என் சீட் போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து.

அக்கா மேசைப் பக்கம் திரும்பினார். பிரிந்து கிடந்த கட்டைத் தட்டிச் சமன் செய்தார். ஒன்றிலிருந்து நூற்றுப்பதினெட்டு வரை மூலை தள்ளிப் பார்த்தார். மூன்று பிரதிக்கும் அப்படிப் பார்த்தார். பசை தடவி, கறுப்பு அட்டை ஒட்டி, அழுத்தி வைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம்கூட மாறவில்லை. சமர்ப்பித்தபோது அலுவலகத்தில் யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. மேல்பிரதியில் முத்திரை குத்திவிட்டு மூன்றையும் அலமாரியில் போட்டார்கள்.

எனக்கு இடம் கிடைத்தது. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் இந்தத் தடவை உண்மையைச் சொன்னார்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதிரி ஆய்வேடாக என்னுடையதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று நூலகத்துக்கு ஓடினேன். அந்த மூன்று தாளையும் நானே கிழித்துவிடுவது என்று பையில் பிளேடு வைத்திருந்தேன். அலமாரியில் அது இல்லை. நூலகர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முந்தாநாள் போயிருக்கும்மா. உங்க ஜெராக்ஸ் அக்கா பொண்ணுதான் எடுத்துட்டுப் போனா. அம்மா அட்டை போட்டதைப் பொண்ணு படிக்குது பாருங்க."

அதன் பிறகு இரண்டு வாரம் முதல் வாசல் வழியாகவே போய் வந்தேன். விசாவுக்குப் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும் நகல் வேண்டும் என்றார்கள். வேறு கடைகள் இருந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் அங்கே போனேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாக இருக்காது. எதுவும் நடந்திருக்காது என்று கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டேன்.

கணினிக்கு மேலே சுவரில் கட்டுரை இல்லை. நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதற்குக் கீழே மகள் உட்கார்ந்து யாருக்கோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அக்கா என் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக விரித்துக் கண்ணாடிமேல் கவிழ்த்தார். வெளிச்சம் மூடிக்கு அடியில் போய் வந்தது. ஒத்திகை பார்த்து வந்த வாக்கியத்தை விட்டுவிட்டு நான் பைக்குள் சில்லறை தேடினேன்.

மகள்தான் திரும்பாமலே கேட்டாள். "எத்தனை வருஷம்க்கா?"

"ரெண்டு வருஷம். முடிஞ்சதும் வந்துடுவேன்."

"ம்" என்றாள். விசைகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "வரணும்னு நினைச்சா வருவீங்க."

அக்காவின் கட்டைவிரல் தாள்களின் மூலையில் நின்றது. விட்ட இடம் மறந்துவிட்டதுபோல முதல் தாளிலிருந்து மறுபடி தள்ளத் தொடங்கினார். வெற்றுப் பக்கங்களின் நகல்கள்கூட வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டை மேலே வைத்து என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார். இரண்டு வருடமாக அவருக்கு நான் பாப்பா.