பேராசிரியரின் வலதுகை

மன்னார் மீன் சந்தைக்குப் பின்னால், தேவாலயங்களுக்குச் சொரூபம் செய்யும் ஒருவர் இருந்தார். கண்ணிமையிலும் சீமெந்துத் தூசி. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், கையையே பார்ப்பார்.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் காலமான பேராசிரியர் ஒருவருக்குச் சிலை வைப்பதற்காக, அவருடைய படத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதில் மார்புவரைதான் தெரிந்தது.

"கையில என்ன, சேர்?" என்றார்.

"புத்தகம் வையுங்கோ."

"அது படிச்ச ஆக்கள் எல்லாருக்கும் வைக்கிறது. புனிதர்களில இராயப்பர் கையில மோட்சக் கதவின்ர திறப்பு, அந்தோனியார் கையில பாலன். கையைப் பார்த்துத்தான் சனம் ஆளை அறியும். இவர் என்ன வச்சிருப்பார்?"

நான்கு வருடம் பேராசிரியரின் வகுப்பில் முன்வரிசையில் இருந்து, அவர் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் எழுதியவன் நான். எவ்வளவு யோசித்தும் அவருடைய கை நினைவுக்கு வரவில்லை.

சிலை வந்தபோது வலதுகை எதையோ பிடிப்பதுபோல மடங்கி, உள்ளே வெறுமையாக இருந்தது. தொலைபேசியில் கேட்டேன்.

"இடம் விட்டிருக்கிறன். ஞாபகம் வந்தாச் சொல்லுங்கோ, செய்து தாறன்."

விழாவில் பேசியவர், அது அறிவை அள்ளி வழங்கும் கை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

இப்போது அந்தக் கையைக் கடந்துதான் வகுப்பெடுக்கப் போகிறேன். மன்னாருக்குச் சொல்லியனுப்ப இன்னும் என்னிடம் ஒன்றும் இல்லை.