சேகரின் மஞ்சள் வாலும் என் பன்னிரண்டு மாப்பிள்ளைகளும்

1. முதல் நாள் கொலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு தொட்டி உயிரைக் கொன்றவன் நான். போலீஸ் வரவில்லை. செத்தது எல்லாம் கப்பி மீன்.

அதற்கு முன்னால் ஜொகூரில் கெலாங் பாத்தா பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது. புல் வெட்டும் மெஷின் கெட்டுப்போன வாரம், டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஆள் தேடினார். ரப்பர் தோட்டத்தில் தமிழர் நடுவில் பிறந்து வளர்ந்த மனுஷன், தமிழ் என்னைவிடச் சுத்தமாகப் பேசுவார். கப்பித் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எனக்குச் சுத்தம் என்றால் பாத்திரம் கழுவும் சுத்தம்தான் தெரியும். பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்தேன். பைப்பைத் திறந்து பளிச்சென்று புதுத் தண்ணீர் நிரப்பினேன். பெருமையாகப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் மீன்கள் எல்லாம் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தன.

தவுக்கே வந்து பார்த்தார். திட்டவில்லை. "பைப்பு தண்ணில மருந்து இருக்கு மணியம். அது உனக்குத் தெரியாது, சரி. வாய் இருக்குல்ல, கேக்கத் தெரியாதா?" என்றார்.

வாய் இருந்தது. அதற்கு ஜோக் அடிக்கவே நேரம் போதாமல் இருந்தது. ஆனாலும் தவுக்கே என்னை அனுப்பவில்லை. கடையில் இருந்தபடியே வீட்டுக் குளம் கட்டும் வேலையையும் கற்றுக்கொண்டேன். பிறகு தனியாகவே எடுத்துச் செய்தேன். செங்கல், சிமெண்டு, மிஞ்சின தண்ணீர் வழிந்து போக ஒரு வழிவுக் குழாய், நிறையக் கப்பி. இருபது வருடத்துக்கு மேல் அதுதான் சோறு.

2. வாலைப் பார்க்காதே

முதலில் தொழில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் குளத்துக்குக் கப்பி கேட்டு வருகிறவர் எல்லாரும் வாலைத்தான் பார்ப்பார்கள். பாவாடை மாதிரி விரிந்த வால் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் அது அழகு. வெட்டவெளிக் குளத்தில் அதுதான் எமன். நம்ம ஜொகூர் மழை ஒரு மணி நேரம் கொட்டினால் தண்ணீர் சுழலும். வால் பெருத்தவனால் எதிர்த்து நீந்த முடியாது. பாவாடையோடு வெள்ளத்தில் இறங்கினவன் கதைதான்.

குளத்துக்கு நடுத்தர வால் போதும். வால் தொடங்கும் இடம் தடிமனாக இருக்க வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும். ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு, முடிந்தால் மூன்று. இல்லையென்றால் ஆண்கள் துரத்தித் துரத்தியே பெண்களைச் சாகடித்துவிடுவார்கள். குளத்தில் பாதி நிழலாகட்டும். மீன்கொத்திக்கு மேலே வலை, வழிவுக் குழாய் வாயில் சின்னக் கண்ணி வலை. தண்ணீரை ஒரே நாளில் முழுக்க மாற்றாதே, கால்வாசி போதும். கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை இலை காய்ந்தது இரண்டு போட்டு வை.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று: கடையிலிருந்து வரும் மீனை ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் குளத்தில் விடாதே, நோய் கூடவே வரும். இரண்டு: பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த வித்தைப் பல மாதம் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். லோங்காங் சாக்கடையில் பிடித்த ஒரே ஒரு மீன், ஒரே ஒரு நாள், உன் சாதி மீன்களோடு இருந்தால் போதும். அப்புறம் பிறக்கிற குட்டியில் எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இந்த இரண்டு சட்டத்தையும் நான் நூறு வீட்டில் சொல்லியிருக்கிறேன். விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

3. சேகரின் விரல்

சேகர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுவார், இருட்டின பிறகு திரும்புவார். வீட்டில் குளம் கட்டித் தரச் சொன்னபோது, நீங்கள் மீனை எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றார். கார் நிறுத்தும் கூரைக்குப் பக்கத்தில் இடுப்பளவு செங்கல் குளம் கட்டினேன்.

அவர் என்னிடம் வாங்கியது உடம்பின் பின்பாதி கறுப்பும் மஞ்சள் வாலும் உள்ள கப்பி, ஆறு. அதற்கப்புறம் எந்தக் கடையிலும் ஒரு மீன் வாங்கவில்லை. ஞாயிறுதோறும் உட்கார்ந்து, நல்ல மஞ்சளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துப் பொறுக்குவார். ஒன்பது வருடம் பொறுக்கினார். கடைசியில் அந்த மஞ்சளைப் பார்த்தால், நன்றாகப் பழுத்த மாம்பழத்தை வெட்டின மாதிரி இருக்கும். ஒரு புள்ளி இருக்காது. எதை எதோடு சேர்த்தார் என்று நான் கேட்டால் சிரிப்பார். எழுதி வைக்கிற பழக்கமும் கிடையாது. எல்லாம் தலைக்குள்.

அந்தத் தலையில்தான் ரத்தக்குழாய் அடைத்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் மனைவி வசந்தி ஆலை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சமைத்துச் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். குளத்தைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். "அவருக்கு வேற ஒன்னும் வேணாம்ண்ணே. அது மட்டும் இருந்தா போதும்" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போவேன். வெள்ளை பேசினில் மீனை ஒவ்வொன்றாக அள்ளி சேகரின் சக்கர நாற்காலிக்கு முன்னால் பிடிப்பேன். இடது கை ஆள்காட்டி விரலால் பேசின் விளிம்பில் ஒரு தட்டு என்றால் வைத்துக்கொள். இரண்டு தட்டு என்றால் எடுத்துவிடு. அவ்வளவுதான் எங்கள் பாஷை. அந்த மனுஷனுடைய பேச்சுக்கு உலகத்தில் அர்த்தம் இருந்த ஒரே இடம் அந்த பேசின். மற்ற நேரம் வாரம் முழுக்க அவருக்குப் பதிலாக மற்றவர்கள்தான் பேசினார்கள்.

நானும் நிறையப் பேசினேன். அவரை பாஸ் என்று கூப்பிடுவேன், கதை விடுவேன். வசந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள், சிரிக்க மாட்டாள். அவளைச் சிரிக்க வைப்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

4. ஒரு நாள்தானே

தீபாவளி வந்தது. சேகரின் பழைய கூட்டாளிகள், கிரேன் ஓட்டும் ஏழெட்டுப் பேர், ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் விழுந்த பிறகு முதல் தடவை. அந்தக் காலத்தில் அவர்களிடம் தன் மீனைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறார்.

குளத்தில் அப்போது முப்பது மீன்கூட இல்லை. சேகர் அப்படித்தான் பொறுக்குவார், நல்லது மட்டும் மிஞ்சும். வசந்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "கூட்டாளிங்க வர்ற அன்னிக்கு குளம் நெறைஞ்ச மாதிரி இருந்தா அவருக்குப் பெருமையா இருக்கும்லண்ணே? ஏதாச்சும் பண்ண முடியுமா?"

எனக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. அந்த மாதிரி நேரத்தில் யாராவது என்னைக் கட்டிப்போட வேண்டும். கடைக்குப் போய் சிவப்பு, நீலம், சிறுத்தைப் புள்ளி என்று பளபளக்கும் ஆண் கப்பியாகப் பன்னிரண்டு பொறுக்கினேன். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் விடுவது, விருந்து முடிந்த மறுநாள் காலையில் அள்ளிவிடுவது. குட்டி போடும் பெண் மீன் ஒன்றும் இல்லை, வெறும் ஆண்கள். ஆகையால் தப்பில்லை என்று கணக்குப் போட்டேன். குளத்துக்குள் ஏற்கெனவே இருந்த பெண்கள் என் கணக்கில் வரவேயில்லை. இருபது வருடம் தொழில் செய்தவன் கணக்கு.

பையை சேகரிடம் காட்டினேன். பார்த்தார். பையின் மேல் இரண்டு தட்டு தட்டினார்.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே புரிந்தது. "நாளன்னிக்கு எடுத்துருவேன் பாஸ். ஒரு நாள்தானே" என்றேன்.

மறுபடி இரண்டு தட்டு. நான் பையை அவிழ்த்துக் குளத்தில் கவிழ்த்தேன். அவர் இடது உள்ளங்கையால் நாற்காலிக் கையை அடிக்க ஆரம்பித்தார். டப், டப், டப் என்று நிறுத்தாமல் அடித்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வசந்தி பயந்து ஓடி வந்தாள்.

நான் சொன்னேன்: "ஒன்னும் இல்ல தங்கச்சி. மாப்பிள்ளைங்க வந்துட்டாங்கன்னு பாஸ் மேளம் வாசிக்கிறாரு."

வசந்தி சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கையில் முறுக்கு மாவோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சேகர் கொஞ்ச நேரத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

விருந்து நன்றாக நடந்தது. கூட்டாளிகள் குளத்தைச் சுற்றி நின்று சிவப்பு மீனையும் நீல மீனையும் போனில் படம் எடுத்தார்கள். மஞ்சள் வாலை யாரும் தனியாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாள் போய் பன்னிரண்டையும் அள்ளி என் தொட்டிக்குக் கொண்டுபோனேன். ஒன்று விடவில்லை.

5. மழைத் தண்ணீர்தான் காரணம்

ஒரு வாரம் கழித்து சேகரின் ஆண் மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் நின்று நடுங்கின. உப்புப் போட்டேன், மருந்து போட்டேன். கடையிலிருந்து வந்த பன்னிரண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை அந்த நோயோடு குடும்பம் நடத்திப் பழகினவை. ஒன்பது வருடம் வெளி மீன் முகம் பார்க்காத சேகரின் மீன்களால் தாங்க முடியவில்லை. பத்து நாளில் ஆண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெண்ணில் நான்கு பிழைத்தன.

நான் வசந்தியிடம் மழைத் தண்ணீர் என்றேன். அடுத்த வாரம் வெயில் என்றேன். அதற்கடுத்த வாரம் கெத்தாப்பாங் இலையில் ஏதோ பூச்சி என்றேன். சேகர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொய் சொல்லும்போது ஊமையின் முன்னால் சொல்லக்கூடாது. அவன் குறுக்கே பேசுவதில்லை, நாம் சொன்னது நம் காதிலேயே திரும்ப விழுந்துகொண்டிருக்கும்.

சிகாமட்டில் ஒருவருக்கு சேகர் முன்பு இரண்டு ஜோடி கொடுத்திருந்தது ஞாபகம் வந்தது. வேனை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டுச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது. வெள்ளம் வந்தபோது ஆறும் குளமும் ஒன்றாகிவிட்டதாம். "எங்க சாமானே போச்சு, மீனக் கேக்குறீங்களே" என்றார் அவர். வரும் வழியெல்லாம் எனக்கு நானே ஒரு ஜோக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பினதும் நேராக சேகர் வீட்டுக்குப் போய் வசந்தியிடம் உள்ளதைச் சொன்னேன். கடை மீன், நோய், வித்து எல்லாம். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

"தெரியும்ண்ணே. அவரு அன்னிக்கே சொன்னாரு. நீங்க ஜோக் அடிச்சீங்க, நான் சிரிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

6. நாற்பத்தொன்று

நான்கு பெண்களும் குட்டி போட்டன, நோயில் இளைத்திருந்ததால் அதோடு ஒவ்வொன்றாகப் போயும் சேர்ந்தன. அவற்றின் வயிற்றில் சேகரின் ஆண்களுடைய வித்தும் இருந்திருக்கும், கடை மாப்பிள்ளைகளுடையதும் இருந்திருக்கும். எது பாதி, எது கால் என்று தெரியாது. குட்டிகளைத் தனித் தனி வாளியில் வளர்த்தேன். நாற்பத்தொன்று தேறின. சனிக்கிழமை மட்டும் வந்தவன் நாள் விட்டு நாள் வந்தேன்.

பின்பாதிக் கறுப்பு நிறையக் குட்டிக்கு வந்தது. எங்களுக்கு உயிர் வந்தது. வசந்தி சாமி விளக்கு ஏற்றிவிட்டு நேராக வாளிப் பக்கம் வருவாள். பிறகு வாலில் நிறம் இறங்கியது. சிவப்பு இறங்கியது. நீலம் இறங்கியது. சிறுத்தைப் புள்ளி இறங்கியது. ஒரே ஒரு ஆண் குட்டிக்கு மட்டும் வால் மஞ்சளாக வந்தது. அதைத் தனிப் போத்தலில் போட்டு சேகர் பக்கத்தில் வைத்தோம். அவர் நாள் முழுக்க அதையே பார்த்தார்.

தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை, அவர் பேசினைக் காட்டினார். பொறுக்க வேண்டும் என்று அர்த்தம். நான் ஒவ்வொன்றாக அள்ளிப் பிடித்தேன்.

இரண்டு தட்டு. அடுத்தது, இரண்டு தட்டு. அடுத்தது, இரண்டு தட்டு. அழகான மீன்கள்தான், கடையில் வைத்தால் பறந்துபோகும். அவர் முகத்தில் கோபம் இல்லை. கிரேனில் பெட்டி இறக்குகிற மாதிரி நிதானமாகத் தட்டினார். கடைசியாக அந்த மஞ்சளைப் பிடித்தேன். வால் முனையில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி வந்திருந்தது. முதல் நாள் வரை அது இல்லை. அவர் விரல் பேசின் விளிம்பில் வெகுநேரம் அசையாமல் இருந்தது. வசந்தி, "வச்சுக்கலாமே, ஒன்னே ஒன்னு" என்றாள்.

அவர் இரண்டு முறை தட்டினார்.

7. மண்

மீன் இல்லாத குளத்தில் கொசுப் புழு வைக்கும். டெங்கிக் கொசு சோதனைக்காரர்கள் வந்தால் அபராதம். புது மீன் விடவா, மூடவா என்று வசந்தி சேகரைக் கேட்டாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குளத்தைக் கட்டினவன் நான், மண் கொட்டி மூடினவனும் நான். வசந்தி அதில் கறிவேப்பிலை நட்டிருக்கிறாள்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, பைப்புத் தண்ணீர் குளோரினுக்கு மாற்று மருந்து உண்டு, மழைக்கு வழிவுக் குழாய் உண்டு. எனக்குத் தெரியாமல் செத்த மீன்கள் ஒரு தொட்டி. எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு செத்ததுதான் சேகரின் மீன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம். அதை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் சொல்லி முடிக்கும் வரை உன் வாயைக் கொஞ்சம் மூடி வை.

இப்போதும் சில சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறேன். வேலை ஒன்றும் இல்லை, போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சேகர் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் வசந்தி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "ஏதாச்சும் பேசுங்கண்ணே, வீடு ஒரே அமைதியா இருக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை.