முதல் பக்கத்தைப் பிரித்தெடுத்தவர்

திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில் மூன்று பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் மலர் போன் செய்தாள். "காதர் சாரு பூட்டாரு, அக்கா. வண்ணாரப்பேட்ட வூட்டுக்கு வந்துடு." மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எங்கள் அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நினைத்தாலே அந்த வெடிச் சிரிப்புதான் முதலில் காதில் விழும். துக்க வீட்டிலும் அவரைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டுத்தான் கலைந்தோம்.

எனக்கு அவர் அறிமுகமானதே என் பொய்யால்தான். நான் காசிமேட்டுக்காரி, அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் போனவர். "காசிமேடுன்னு போட்டா இன்டர்வியூல மார்க்கு வுழாது" என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். முகவரி, அப்பாவின் தொழில் எல்லாம் எழுதிய விண்ணப்பத்தின் முதல் பக்கம் நேர்முகத் தேர்வுக் குழுவின் கைக்கே போன காலம் அது. எங்களில் பாதிப் பேர் வசதியான சொந்தக்காரர் வீட்டு முகவரியைத்தான் போடுவோம். நான் அண்ணா நகர்ச் சித்தி வீட்டைப் போட்டேன். இந்த அலுவலகத்து வேலைக்கே தேர்வும் ஆனேன். அதற்குள் சித்தி வீடு மாறிவிட்டாள். விசாரிக்கப் போன போலீஸ்காரர் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று எழுதிவிட்டார். கிடைத்த வேலை கைநழுவிப் போகும் நிலை.

கோப்பு காதர் சாரிடம் வந்தது. என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா, நெஜமா வூடு எங்க கீது?"

சொன்னேன், அழுதேன். அவர் சிரித்தார். "அழுவாத. நானும் மனு போட்டப்போ மயிலாப்பூருன்னுதான் எழுதினேன்."

அதோடு விட்டாரா? அதைக் கோப்பிலேயே எழுதினார்: 'நானும் இதே தவறைச் செய்தவன். இந்தப் பெண்ணைப் பொய் சொல்ல வைத்தது நம் விண்ணப்பத்தின் முதல் பக்கம்.' மேலதிகாரி என் நியமனத்தை உறுதி செய்துவிட்டு, அவருக்கு மெமோ கொடுத்தார். பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. மனிதர் எனக்கு மசால் வடை வாங்கித் தந்தார். "பேஜாரு ஒண்ணுமில்ல. உன் வேல தங்கிச்சில்ல?" என்றார்.

பிறகு அந்த முதல் பக்கத்தைக் குழுவுக்குக் காட்டக் கூடாது என்று மேலிடத்துக்குக் குறிப்பு மேல் குறிப்பு அனுப்பினார். திரும்பி வந்தால் இன்னொன்று எழுதுவார். ஓய்வுக்கு முந்தைய ஆண்டு உத்தரவு வந்தது: முதல் பக்கத்தை எடுத்துவிட்டு, எண்ணை மட்டும் குழுவுக்குக் காட்ட வேண்டும். விண்ணப்பங்களின் முதல் கட்டை அவரே உட்கார்ந்து பிரித்தார். குண்டூசி குத்தி விரலில் ரத்தம், அப்போதும் சிரிப்புதான்.

அவருடைய இருக்கையில் இப்போது நான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, திரும்பி வந்த கோப்பை மறுபடி அனுப்பும் அந்தப் பிடிவாதம். அடக்கம் முடிந்த மறுநாள், வேலையில் சேர ஒரு பெண் வந்தாள். நிரந்தர முகவரி என்ற இடத்தில் 'ஹவுசிங் போர்டு, புளியந்தோப்பு' என்று எழுதினாள். எங்கள் காலத்தில் காசிமேட்டைப் போலவே மறைத்திருக்கும் முகவரி. பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை.