மாமாவுக்கு அனுப்பிய அழைப்பு

அக்காவின் பரிசத்தன்று மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அப்பா, அம்மா, நான், மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் என்று எல்லோரும் இருந்தோம். பெரகலவிலிருந்து வரவேண்டிய தாய்மாமன் மட்டும் இல்லை. பரிசத் தட்டை வாங்க வேண்டியவர் அவர்.

"தாய்மாமனே வரலன்னா, இந்தச் சம்பந்தம் அவருக்குப் புடிக்கலன்னுதானே அர்த்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. உள்ளே அக்கா பட்டுச்சேலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கலங்கவில்லை. அழைத்தவனே நான்தான். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த ஒரே ஆள். "எழுத்துல போனாத்தான் மதிப்பு" என்று அம்மாவிடம் சொல்லி, இரண்டு மணி நேரம் யோசித்து வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன்: 'மேற்படி நிகழ்வுக்குத் தாங்கள் குறித்த நேரத்தில் தவறாது சமுகமளிக்க வேண்டுமெனத் தயவுடன் அறியத்தருகிறேன்.' பதிலுக்கு மாமா ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தார். சம்மதம் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

அம்மா மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"என்னண்ணே, இன்னும் காணோம்?"

"வெத்தல வச்சுக் கூப்புட்டா வரலாம். ஒம் மகன் நோட்டீசுல்ல அனுப்பியிருக்கான்."

"நோட்டீசா?"

"முப்பது வருசம் மலையில வேல செஞ்சவன் நான். வேலைக்கி வரலன்னா ஆபீஸ்ல இருந்து இப்புடித்தான் லெட்டர் வரும். எம் மக வாசிக்க வாசிக்க, அடுத்த வரியில சம்பளத்த வெட்டிருவானோன்னு பாத்தேன்."

"கட்டைவிரல் போட்டீங்களே மாமா!" என்றேன்.

"லெட்டர் கெடச்சா கைநாட்டு வைக்கணும்ல, மருமகனே?"

மாப்பிள்ளை வீட்டாரில் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அந்தத் தமிழில் எங்கள் லயத்துக்கு ஒரு நல்ல செய்தியும் வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் அதே தமிழுக்குத்தான் முழுப் புள்ளி வாங்கியிருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வர்றோம். அவர் இருந்தா தட்டு மாத்துவோம், இல்லாட்டி வேற எடம் பாத்துக்குறோம்" என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அம்மாவும் நானும் வெற்றிலைத் தட்டோடு வேன் பிடித்துப் பெரகலவுக்குப் போனோம். தட்டை நான்தான் நீட்டினேன். மாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இத மொதல்லயே செஞ்சா என்னங்க ஆபீசர் ஐயா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் அவர்தான். பரிசம் முடிந்தது.

வாட்ஸ்அப்புக்குச் செலவில்லை. வேன் கூலி, மாமாவுக்கு வேட்டி சட்டை, இரண்டாம் தடவை விருந்து எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.