பின்னால் மட்டும் போன கார்

போன வாரம் தம்பி மகள் தன் புதுக் காரில் என்னைத் திருமயம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனாள். “இதுல கியரே மாத்த வேணாம் அத்தை, அதுவா மாறிக்கும்!” என்று ஒரே பெருமை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டோமேட்டிக் கியரா? அதைப் புளி போட்டே விளக்கியவர்கள் நாங்கள்!

அறுபதுகளின் தொடக்கம். திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீடு. அப்பச்சி — அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் — மலேயாவில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு திரும்பியபோது கப்பலில் ஒரு அமெரிக்கக் காரையும் கொண்டுவந்தார். படகு மாதிரி நீளம். கிளட்ச் கிடையாது. ஊரே வந்து குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனது.

என் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அது படுத்துவிட்டது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது. மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று அப்பச்சி சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்ன சொல் தவறினால் மனிதர் தாங்க மாட்டார்.

புதுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் சுப்பையா அண்ணன் வந்தார். பஸ், லாரி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை மட்டும் திறந்ததில்லை. பார்த்துச் செய்யப் புத்தகமும் இல்லை. எங்கள் பின்கட்டில் பழைய வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே தட்டு, வளையம், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக வைத்தார். அந்த வரிசைதான் அவருக்குப் புத்தகம்.

அவர் சாப்பிடப் போன நேரம்...

அதே பின்கட்டில் ஆத்தா, அதாவது என் அம்மா, எனக்குக் கொடுக்கும் பாத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் சீர்ச் சாமானைப் பளபளவென்று துலக்கி, அளவு வாரியாக அடுக்கினால்தான் மனசு ஆறும். “இம்புட்டு அழுக்கா?” என்று வேட்டியில் கிடந்த எண்ணெய் படிந்த கார்ச் சாமானையும் இழுத்துப் போட்டுப் புளி தேய்த்தார். பெரிசு பெரிசோடு, சிறிசு சிறிசோடு அடுக்கியும் விட்டார். துடைத்துக் கொடுத்தது யார்? நானேதான்.

திரும்பி வந்த சுப்பையா அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆத்தாவின் முகம் வெளுத்துப்போனது. “ஐயா காதுக்குப் போக வேணாம் ஆச்சி. நான் பாத்துக்கிறேன்” என்றார் சுப்பையா அண்ணன்.

பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் கார் நகர்ந்தது — பின்னால் மட்டும்!

அப்பச்சி கத்திய கத்தலில் பந்தல் போட வந்தவர்கள் கூடிவிட்டார்கள். “தெரியாத வேலையில ஏம்ப்பா கைய வச்சே? இனிமே இங்கிட்டு எவன் ஒன்கிட்ட வண்டி குடுப்பான்?”

சுப்பையா அண்ணன் வாயே திறக்கவில்லை. நானும்தான்... இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆத்தா வெளியே வந்தார். நாலு ஆண்கள் முன்னால் குரல் காட்டாதவர். “அவர வையாதீங்க. வரிசையக் கலைச்சது நாந்தான். கழுவி அடுக்கிப்புட்டேன்.”

எல்லோரும் அப்பச்சியையே பார்த்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள் சுப்பையா அண்ணன் கையைக் கூப்பினார். “ஆச்சி கழுவிக் குடுக்கலைன்னா இது பின்னாலகூடப் போயிருக்காதுங்கய்யா!”

அப்பச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சம்பந்தி வீட்டுக்குத் தானே நடந்து போய், கார் வராது என்று சொல்லிவிட்டு வந்தார்.

பழியை அடுத்தவர் தலையில் தள்ளிவிட எல்லோருக்கும் தெரியும். அதை ஏற்றுக்கொள்ளப் போட்டி போட்ட இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத்தான் நான் புகுந்த வீட்டுக்குப் போனேன் — மாட்டு வண்டியில்!