எண் பொருந்தாத போல்ட்

மர்டோவை யாரும் கூப்பிடவில்லை. ஷோனா வண்டியை வெளியே எடுத்தபோது வேலிக் கதவருகே மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய சீஸ் ரோல்கள்.

"ரிவர்ட்டனுக்குத்தானே? நானும் வர்றேன்."

"துப்பாக்கி பாக்கப் போறேன், மாமா. உங்களுக்கு அங்க என்ன வேலை?"

"எனக்கு எங்கதான் வேலை? அந்த நாயப் பின்னால தள்ளு."

"நாய் இல்ல. அப்பாவோட கோட்டு."

மர்டோ கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி துவாடபெரே பாலத்தைத் தாண்டியது.

ஷோனாவின் அப்பா டூகல் கில்ரே ஜனவரியில் இறந்துபோனார். விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடரியை அடிக்கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியே போய்விட்டார். பதினாறு வயதில் மரமில்லுக்கு வேலைக்குப் போனவர். மில் அவருடைய நடுவிரலில் பாதியை எடுத்துக்கொண்டது. பிறகு சில வருடம் ஹெலிகாப்டர்காரர்களோடு மான் சுட்டார். மில்லை மூடியபின் காட்டுக்குள் நடைபாதைகளைச் செப்பனிடும் வேலை. லீவு கிடைத்தால் சிநேகிதர் மர்டோவும் அவரும் மலைக்குப் போய்விடுவார்கள். சாமியைப் பற்றி டூகலுக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. எடையைப் பற்றி உண்டு. மலையேறுகிறவன் தேவையில்லாத எடையைத் தூக்கக்கூடாது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட அறுத்து எறிந்தவர் அவர்.

துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. குழலைக் குட்டையாக்கினார். அதைத் தாங்கும் மரக்கட்டையை உள்ளே குடைந்தார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக் குமிழைத் துளை போட்டுப் பொள்ளலாக்கினார். ஒவ்வொரு தடவையும் அய்லீன் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில்தான் நிறுத்துப் பார்ப்பார். அய்லீன் ஷோனாவின் அம்மா. "என் கேக்குல எண்ணெய் நாத்தம் அடிக்குது, டூகல்" என்பாள். அவர் கேக்கில் இன்னொரு துண்டு கேட்பார்.

இடுப்பு எலும்பு தேய்ந்தபின் மலை நின்றுபோனது. துப்பாக்கியை ரிவர்ட்டனில் பால்பண்ணையில் வேலை செய்யும் ரீகனுக்கு விற்றார். இப்போது ரீகன் அதை விற்கப்போகிறான் என்று ஷோனாவுக்குத் தெரியவந்தது.

"எதுக்குடி உனக்கு அது?" என்று மர்டோ கேட்டார்.

"ஏப்ரல் வருதுல்ல. கலைமான் கத்துற சமயம்."

"பத்தொன்பது வயசுல வேட்டைய விட்டவ நீ."

"மறுபடி போறேன்."

"யார் கூட?"

"தனியா."

மர்டோ சீஸ் ரோலைப் பிரிக்கவேயில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் ஏன் வந்திருக்கிறார் என்று ஷோனாவுக்குத் தெரியும். சின்ன ஊர். தே அனாவில் ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவள் எஞ்சின் மூடிக்குள் டார்ச்சை விட்டுவிட்டு மூடிய செய்தி அவளுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருக்கும். சாயங்காலம் கருவிகளைச் சரிபார்த்தபோது டார்ச்சைக் காணவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேலாளர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "அழுதுட்டு வா" என்றார். அழுகை வரவில்லை. எஞ்சினுக்குள்ளிருந்து எடுத்த டார்ச்சைக் கையில் கொடுத்தபோது பயம்கூட வரவில்லை. பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சாப்பாட்டைத் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி விழுங்கினாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மர்டோவுக்குக் கவலை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது, யாரோ பக்கத்து அறையில் பேசுவது கேட்பதுபோல.

ரீகனின் அடுக்களை மேசையில் பழைய துண்டு விரித்திருந்தது. அவன் அவளுடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் காட்டித் துப்பாக்கியைக் கொடுத்தான்.

"உங்க அப்பா ரொம்ப நல்ல மனுசன், ஷோனா. நான் வருத்தப்பட்டேன்."

"நன்றி. டார்ச் இருக்கா?"

அப்பாவின் துப்பாக்கி என்று பார்க்கக்கூடாது, பழைய பொருள் வாங்க வந்தவளாகப் பார்க்கவேண்டும் என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள். அறையில் விரலை விட்டுத் தடவி, காலியென்று தானும் ஒருமுறை உறுதிசெய்துகொண்டாள். போல்ட்டை உருவித் துண்டில் வைத்தாள். பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். உள்ளே சுருளாக வெட்டிய வரிகள் கூர்மையாக இருந்தன. தோட்டா புறப்படும் இடத்தில் கொஞ்சம் தேய்மானம், வயதுக்குத் தகுந்தது. குழல் வாயின் விளிம்பை நகத்தால் சுற்றிப் பார்த்தாள். எங்கும் நகம் சிக்கவில்லை.

"கட்டையக் கழட்டணும்."

"கழட்டணுமா?"

"நம்ம பக்கத்து மழை மேல தெரியாது. மரத்துக்கு அடியில போய்த் தின்னும்."

ரீகன் மர்டோவைப் பார்த்தான். "ஹெலிகாப்டரா வாங்குறாங்க?"

"இவ அப்பன் முட்டை வாங்கினாலே காதுகிட்ட ஆட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவான், தம்பி. நீ போய் டீ போடு."

கட்டைக்கு அடியில் துரு இல்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. கைப்பிடி இடுங்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தினாள். இல்லை. ஆனால் அவளுடைய நடுவிரல் சரியாக உட்காரவில்லை. அரை விரலுக்காகச் செதுக்கிய பள்ளம் அது.

"எனக்கும் அதுதான் ஒத்துவரல" என்றான் ரீகன். "சுடும்போது யாரோ கையப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்."

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். குழலைச் சுவர்ப் பக்கம் நிறுத்தி, பாதுகாப்பு விசையைப் போட்டு, சுடும் விசையை இழுத்தாள். அசையவில்லை. பாதுகாப்பை எடுத்தாள். சுடும் ஊசி தானாக விழவில்லை. மறுபடி இழுத்தாள். சுத்தமாக ஒரு 'டக்'.

கடைசியாகப் போல்ட். பூட்டும் காதுகள் இரண்டிலும் தேய்மானம் ஒரே அளவாக இருந்தது. அதன் உடம்பில் துப்பாக்கி எண்ணின் கடைசி இலக்கங்களைப் பொறித்திருந்தார்கள். கொட்டகையில் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் எண்ணைத்தான் படிப்பாள். பழக்கம். போல்ட்டைப் படித்தாள். துப்பாக்கியின் உடலைப் படித்தாள். திரும்பப் போல்ட்டைப் படித்தாள்.

"இது இந்தத் துப்பாக்கியோட போல்ட் இல்ல."

ரீகன் கெட்டிலைக் கீழே வைத்தான். "ஐயோ, நான் எதையும் மாத்தல. உங்க அப்பா தந்தது அப்படியேதான் இருக்கு. அதுல நான் மூணு மான் எடுத்திருக்கேன்!"

"உங்களச் சொல்லல. இதுல நாலு ஒண்ணு ஏழு இருக்கு. அதுல வேற."

மர்டோவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"திரும்பச் சொல்லு."

"நாலு ஒண்ணு ஏழு."

மர்டோ கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "வாங்கிக்கோ, புள்ள. இதோட போல்ட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

பணத்தைக் கொடுத்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மர்டோவின் கொட்டகையில் இறால்கூடைகளுக்குப் பின்னால் இரும்பு அலமாரி இருந்தது. அவர் தன்னுடைய துப்பாக்கியை எடுத்துப் பட்டறை மேசையில் வைத்தார். ஒரே வருடம், ஒரே கடை, ஒரே மாதிரி. அதன் உடலில் எண் நாலு ஒண்ணு ஏழில் முடிந்தது. போல்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளுக்குப் படித்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் படித்தாள்.

"குமிழக் குடைஞ்சது ரெண்டையும் ஒரே நாள்லதான்" என்றார் மர்டோ. "என்னோடதையும் அவனே குடைஞ்சான். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்."

"எப்ப மாறிச்சு?"

மர்டோ கவிழ்த்துப்போட்ட மீன்கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"உங்க அம்மா தவறிப்போன குளிர்காலம். நீ வடக்க படிச்சிக்கிட்டு இருந்த."

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். "மழை பெய்யுது" என்பார் அப்பா. "ஆறு ஏறியிருக்கு" என்பார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள் வாசல்ல வந்து நின்னான். உள்ள வரல. கோட்டுப் பையிலேர்ந்து போல்ட்ட எடுத்து என் கையில வச்சான். 'இத வச்சிரு, மர்டோ'ன்னான். போல்ட் இல்லேன்னா துப்பாக்கி வெறும் குழாய். அவ்வளவுதான். நான் 'சரி'ன்னேன். வேற என்ன சொல்றது? பிரட் பையில சுத்தி ஃப்ரீசர்ல ஆட்டுக்காலுக்கு அடியில போட்டேன். என் துப்பாக்கிக்கும் அந்த வருசம் வேலையில்ல. நான் மட்டும் எங்க போறது? என் போல்ட்டையும் அதே பையில போட்டேன். புத்திகெட்டவன்."

"திரும்ப எப்பக் கேட்டார்?"

"செப்டம்பர்ல, குளிர் விட்டப்புறம். 'அது இருக்கா?'ன்னான். இருக்குன்னேன். கைக்கு வந்தத எடுத்துக் கொடுத்தேன்."

ஷோனா இரண்டு போல்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள். "அவருக்குத் தெரியாம இருந்திருக்காது."

"அதத்தான் இப்ப நினைச்சிக்கிட்டு வந்தேன்." மர்டோ முகத்தைத் தேய்த்தார். "வாங்கிட்டுப் போன வாரமே வேலிகிட்ட வந்து நின்னான். 'என் துப்பாக்கி இப்ப உன்ன மாதிரியே சுடுது, மர்டோ. இடது பக்கம் இழுக்குது'ன்னான். நான் சுடற லட்சணத்தத்தான் நக்கலடிக்கிறான்னு நினைச்சேன். போடா கிழவா, உனக்குக் கண்ணு போச்சுன்னேன். சிரிச்சான். அந்த வருசம் அவன் சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்."

டூகல் முட்டையை ஆட்டிப் பார்க்கிறவர். எண் மாறியதைக் கண்ட அன்றே துப்பாக்கிப் பட்டறைக்காரனிடம் கொடுத்துப் பொருத்தத்தை அளக்கச் சொல்லியிருப்பார், சுடலாம் என்று தெரிந்தபின்தான் சுட்டிருப்பார். ஆனால் மாற்றிக்கொடு என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். குறிநோக்கியை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு, கடைசிவரை மர்டோவின் போல்ட்டோடு மலையேறினார்.

"நீ மேல எதுக்குப் போற, ஷோனா?" என்று மர்டோ கேட்டார். "மானுக்குன்னு சொல்லாத."

தகரக் கூரையில் மழை. அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. உண்மையும் கைக்கு எட்டவில்லை.

"தெரியல, மாமா."

மர்டோ தலையாட்டினார். கையை நீட்டவில்லை. கேட்கவும் இல்லை. மீன்கூடைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஷோனா நாலு ஒண்ணு ஏழை அதன் துப்பாக்கியில் போட்டாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "அளந்து பாக்காம சுடாதீங்க. இத்தனை வருசம் வேற வீட்ல இருந்திருக்கு" என்றாள். பிறகு வெளியே போய் வண்டியிலிருந்து ஓர் அட்டை எடுத்துவந்தாள். இயந்திரத்திலிருந்து எதைக் கழற்றினாலும் கட்டவேண்டிய அட்டை. எது, எதிலிருந்து, எந்த நிலையில் என்று எழுதவேண்டும். இல்லாவிட்டால் அது குப்பை. எழுதி, நூலால் அப்பாவின் போல்ட்டில் கட்டி, மர்டோவின் கையில் வைத்தாள்.

"இத வச்சிருங்க."

மர்டோ கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தார். "'பழுதில்லை'ன்னு எழுதியிருக்க."

"அது போல்ட்டப் பத்தி."

"தெரியுது." அவர் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கோட்டு டூகலுடையது. குளிருக்குப் போட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது; அவள் இப்போதுதான் கவனித்தாள். "என்னோடத இந்தத் தடவ அலமாரியிலேயே வைக்கிறேன். எப்ப வந்து கேப்ப?"

"சொல்லத் தெரியல."

"கேக்குறப்ப கேளு. நான் எங்கயும் போகல. ஃப்ரீசரும் போகாது." பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேலைக்கு எப்பத் திரும்பணும்?" என்றார்.

"அழுதப்புறம்."

"இது என்னடா லீவு விதி!" என்றார் மர்டோ.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மேசைமேல் காகிதத்தில் சுற்றிக் கிடந்த சீஸ் ரோல்களைப் பார்த்தாள்.

"அது காலையில கொண்டுவந்ததா?"

"ஆறிப்போச்சு. கல்லு மாதிரி இருக்கும்."

"பரவால்ல."

ஒன்றை எடுத்துக் கடித்தாள். வெங்காயமும் உப்பும் நாக்கில் தெரிந்தன. மென்றுகொண்டே இறால்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.