ரோப் கார் நின்றபோது

சுற்றுலா ஏற்பாடு செய்யும் அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரூட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தென்கிழக்காசியாவின் வடக்கு நகரங்களுக்கு யார் குடும்பத்தோடு கிளம்பினாலும் வழி போட்டுக் கொடுப்பது அவள்தான். காலையில் பழைய கோட்டை மதிலைச் சுற்றி நடங்கள், வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள், மறுநாள் ரோப் காரில் மலையுச்சி, அடுத்த நாள் ஆற்றில் படகு என்று கூடவே வருகிறவள்போலப் போனில் சொல்வாள். அதில் ஓர் இடத்தைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாதவள்.

ஒரு வருஷம் முதலாளியே அவள் குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுக்க வழியில்லை. கணவன், ஆறு வயது மகள், கணவனின் அக்கா, அவள் என்று நான்கு பேர் கிளம்பினார்கள். நாத்தனாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கோட்டை மதிலைப் பார்த்ததும் நாத்தனார், போனில் அவ்வளவு அளந்தாயே, இவ்வளவுதானா என்று ஆரம்பித்துவிட்டாள்.

ரோப் கார் நிலையத்தில் கூட்டம் நெட்டித் தள்ளியது. கணவனும் நாத்தனாரும் ஒரு பெட்டிக்குள் போனதும் கதவு மூடிக்கொண்டது. அடுத்த பெட்டியில் அவளும் மகளும் மட்டும். தரை காலடியிலிருந்து நழுவிப் போனபோதே மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பாதி வழியில் பெட்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

கண்ணைத் திறந்தால் சுற்றிலும் மூடுபனி. முன்னால் போன பெட்டி தெரியவில்லை. கீழே என்ன இருக்கிறதென்றும் தெரியவில்லை. தலைக்கு மேல் இரும்பு கிறீச்சிட்டது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது, மொழி புரியவில்லை.

"அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள் மகள்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். பொறுக்க முடியாதென்று குழந்தை முகத்தைச் சுளித்தது. வேறு வழியில்லாமல் மழைக்கோட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையை உதறிப் பிரித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அம்மா, ஏன் ஆடுற?"

"நான் ஆடலடி. பெட்டி ஆடுது."

"இல்ல, நீதான் ஆடுற."

பையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டி மறுபடி நகர்ந்தது. உச்சியில் இறங்கியதும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் பார்க்க வந்த பள்ளத்தாக்கை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

திரும்பும் நேரம் வந்தபோது செத்தாலும் அதில் ஏற மாட்டேன் என்றாள். பெட்டிக் கதவைத் திறந்துவிடுகிறவர் கையை நீட்டிக் காட்டுக்குள் இறங்கும் ஒரு பாதையைக் காட்டினார். அவ்வளவு தூரம் குழந்தை நடக்காது என்றான் கணவன். கடைசியில் மகளை அவனோடு அனுப்ப வேண்டியதாயிற்று. அவள் தனியாகப் பாதையில் இறங்கியபோது பின்னால் நாத்தனார் வந்தாள்.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"எனக்கும் அதுல ஏற முடியாது. தம்பிகிட்ட சொல்லிடாத."

பாதை ஈரமாக வழுக்கியது. இருவரும் வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். பனிக்கு மேலே பெட்டிகள் போகிற இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றது.

பெட்டிக்குள் இருந்தபோதாவது குழந்தை அவள் கைக்குள் இருந்தாள். இப்போது எந்தப் பெட்டியில், எந்த உயரத்தில் இருக்கிறாளோ. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினாள். கால் இடறி முழங்கை சிராய்த்தது. நாத்தனார் அவளை இழுத்து நிறுத்தினாள்.

"மேல பாக்காத. காலப் பாத்து நட."

"எம் பொண்ணு அண்ணி..."

"எந்தம்பியும் அதுலதான் இருக்கான்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. இரைச்சல் திரும்பக் கேட்டதும் நாத்தனார் பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். ரூட்டு அக்காவுக்கு அழக்கூட வரவில்லை.

கீழே மகள் அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவையும் வண்டி ஏன் நின்றதென்று கணவன் விசாரித்து வைத்திருந்தான். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏறி இறங்க நிறுத்துவார்களாம், தினமும் நடப்பதாம். சேறும் சிராய்ப்புமாக நின்ற இருவரையும் பார்த்து அவன் சிரிக்கப் போனான். தன் அக்காவின் முகத்தைக் கண்டு அடங்கிவிட்டான்.

மறுநாள் படகில் அப்பாவும் மகளும்தான் போனார்கள். ரூட்டு அக்காவும் நாத்தனாரும் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, படகு வளைவில் மறைந்து திரும்பி வரும்வரை ஆற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.